கழற்சி விதை நிறத்துப் பூனை

மேகத்தின் நிறம், இளம் நெல்லின் கண். தாய்லாந்து விவசாயிகள் வளர்த்த கோராட் பூனையின் இயல்பு கெடாமல் காப்பது ஏன் இத்தனை சிரமமான வேலை?

'நெல் மூட்டை அடுக்கிய அறையில் எலித் தொல்லை தாங்க முடியவில்லை. டவுனில் ஒரு கடையில் ஒரிஜினல் சயாமீஸ் என்று ஒரு பூனைக்குட்டியைக் காட்டி, கன்றுக்குட்டி விலை சொல்கிறார்கள். வாங்கலாமா? அது எலி பிடிக்குமா?'

கேள்வி-பதில் பகுதிக்கு வந்த கடிதம் இது. எழுதியவர் ஒரு வாசகி. இரண்டு ஏக்கர் நெல்லும் நாலு ஆடும் வைத்திருக்கிறார். நாலு வரியில் பதில் சொல்லி முடித்திருக்கலாம். ஆனால் 'ஒரிஜினல்' என்ற அந்த ஒரு வார்த்தை விடவில்லை. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர். அந்த நாட்டுப் பூனைகளில் எது ஒரிஜினல் என்ற கேள்வி, உலகம் முழுக்கப் பூனை வளர்ப்பவர்களை ஐம்பது, அறுபது வருடமாகப் பாடாய்ப் படுத்துகிறது. நாட்டு மாடு, நாட்டுக்கோழி, நாட்டு நாய் என்று பேசும் நமக்கும் அதில் கேட்டுக்கொள்ள விஷயம் இருக்கிறது. வாசகிக்கான பதில் கடைசியில் வருகிறது.

வேலியோரக் கழற்சி

தாய்லாந்தின் வடகிழக்கில் ஒரு மேட்டு நிலப் பகுதி. பெயர் நக்கோன் ராச்சசிமா. வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: நகரம், ராஜா, சீமை. மூன்றும் நமக்குத் தெரிந்த வார்த்தைகள்தான். ஊர்க்காரர்கள் சுருக்கமாக 'கோராட்' என்பார்கள். பெரும்பகுதி மானாவாரி நெல். மழை வந்தால் சோறு, இல்லையென்றால் ஏக்கம். அந்தச் சீமையில், குறிப்பாகப் பிமாய் வட்டாரத்தில், நெடுங்காலமாக வளர்ந்து வந்த சாம்பல் நிறப் பூனைக்கு வெளிநாட்டார் வைத்த பெயரும் கோராட்தான்.

உள்ளூர்ப் பெயர் வேறு. 'சி சவாத்' என்பார்கள். 'சி' என்றால் நிறம். 'சவாத்' என்பது ஒரு முள்கொடி. அதன் விதை வழவழப்பாக, கல்லைப் போலக் கெட்டியாக, நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் இருக்கும். நம் ஊர் வேலியோரம் படர்ந்து கிடக்கும் கழற்சியேதான் அது! பல்லாங்குழி ஆடியவர்களுக்கும், விரைவீக்கத்துக்குக் கழற்சிக்காய் கேட்டு நாட்டு மருந்துக் கடைக்குப் போனவர்களுக்கும் அந்த நிறத்தை விளக்க வேண்டியதில்லை. கையில் ஒரு கழற்சி விதையை எடுத்துக்கொண்டால் போதும். கோராட் பூனையின் நிறம் உங்கள் உள்ளங்கையில் இருக்கிறது.

மயிரின் நுனி மட்டும் வெள்ளி பூசியதுபோல மினுங்கும். குட்டை மயிர், உள்மயிர் அடுக்கு கிடையாது, ஒற்றை அடுக்குதான். வெப்ப நாட்டுப் பூனைக்குக் கம்பளி எதற்கு? முகம் எதிரே நின்று பார்த்தால் இதயம் வரைந்தாற்போலத் தெரியும். நடுத்தர உடம்பு, கடுவன் சுமார் 4 கிலோ வரும். பார்க்கச் சிறியதாகத் தெரிந்தாலும் தூக்கினால் கனக்கும், அவ்வளவு இறுக்கமான தசை.

கண்தான் விசேஷம். நல்ல கோராட்டின் கண் நாற்றங்காலில் நிற்கும் இளம் நெல்லின் பச்சை. ஆனால் குட்டியில் அது தெரியாது. பிறக்கும்போது நீலச் சாயல், பிறகு மஞ்சள் கலந்த பழுப்பு, அப்புறம் மெல்ல மெல்லப் பச்சை. முழுப் பச்சை ஏற இரண்டிலிருந்து நான்கு வருடம்கூட ஆகும். ஆறு மாதக் குட்டியைப் பார்த்து 'கண் சரியில்லை' என்று கழித்துவிடுபவர், நல்ல விதைப் பூனையை இழந்துவிடக்கூடும். கிடேரியின் மடியைப் பார்த்தே பால் கணக்குப் போடும் அவசரக்காரர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

மேக நிறமும் நெல் நிறமும் ஒரே பிராணியிடம் இருந்தால் மானாவாரி விவசாயி சும்மா விடுவானா? மழை பொய்த்த வருடங்களில் இந்தப் பூனையைக் கூடையிலோ கூண்டிலோ வைத்து, பாட்டும் மேளமுமாக ஊர்வலம் கொண்டுபோவார்கள். வீட்டுக்கு வீடு அதன்மேல் தண்ணீர் தெளிப்பார்கள். தண்ணீர் பட்டால் பூனை கத்தும். அந்தக் கத்தல் வானத்துக்குக் கேட்டால் மழை வரும் என்பது நம்பிக்கை. சாம்பல் பூனை கிடைக்காவிட்டால் கறுப்புப் பூனை. நம் பக்கம் தவளைக்கும் கழுதைக்கும் கல்யாணம் செய்து வைப்பதைப் போலத்தான். இப்போது பிராணி வதை என்று பேச்சு வந்ததால், பல ஊர்களில் பூனைக்குப் பதிலாக டோரேமான் பொம்மையைக் கூண்டில் வைத்துத் தூக்கிப் போகிறார்கள். பூனைக்கு நிம்மதி.

கல்யாணப் பெண்ணுக்கு இந்தப் பூனையைச் சீராகக் கொடுக்கும் வழக்கமும் இருந்தது. செல்வம் பெருகும் என்பார்கள். நெல் சேரும் வீட்டில் எலி பிடிக்கும் பூனையும் சேர்ந்தால் செல்வம் பெருகாமல் என்ன செய்யும்!

பராய்ப் பட்டையில் எழுதிய புத்தகம்

இந்தப் பூனைகள் ஏதோ தற்செயலாக ஒரே மாதிரி இருந்தவை அல்ல. தாய்லாந்தில் 'தம்ரா மேவ்' என்ற பூனைச் சுவடிகள் உண்டு. அயுத்தயா அரசு 1767-இல் அழிந்தது. அந்தக் காலத்து மரபு என்று இவற்றைச் சொல்வார்கள். இன்று கைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் 19-ஆம் நூற்றாண்டுப் படிகள். ஐந்தாம் ராமர் எனப்படும் சூளாலங்கோன் மன்னர் காலத்தில் வாட் அனோங் விகாரையின் தலைமைத் துறவி எடுத்த படி, பாங்காக் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

மடிப்பு மடிப்பாக விரியும் அந்தப் புத்தகத்தின் காகிதம் 'கோய்' மரத்துப் பட்டையில் செய்தது. திருச்சிக்குப் பக்கத்தில் திருப்பராய்த்துறைக் கோயிலில் தல விருட்சமாக நிற்கும் பராய் மரமேதான் அந்தக் கோய்.

சுவடியில் வளர்க்க உகந்த பூனைகள் 17, ஆகாதவை 6 என்று படத்தோடும் பாட்டோடும் கொடுத்திருக்கிறார்கள். மாட்டுக்குச் சுழி பார்ப்பதுபோல் அவர்கள் பூனைக்கு லட்சணம் பார்த்திருக்கிறார்கள். பெயர்களைக் கேளுங்கள்: செம்பு நிறப் பூனைக்கு 'சுபலக்'. நம் சுபலட்சணம்தான். வெள்ளைப் பூனைக்கு 'காவோ மணி', அதாவது வெள்ளை மணி. வெளிர் உடம்பும் கருத்த முகமும் கொண்டது 'விச்சியன்மாத்'. அதன் முதல் பாதி வச்சிரம், வைரம். நம் வாசகியிடம் கடைக்காரர் சொன்ன சயாமீஸ் இதுதான். அடக் கறுப்புக்கு 'கோன்ஜா'. சாம்பலுக்குச் சி சவாத்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுவடி சொல்வது நிறமும், கண்ணும், உடம்பில் புள்ளி எங்கே இருக்க வேண்டும் என்பதும்தான். மூக்கு இத்தனை நீளம், காது இத்தனை அகலம் என்ற அளவுகோல் இல்லை. உடம்பின் வடிவத்தைத் தீர்மானித்தது ஊரும் வெயிலும் எலியும். மனிதன் நிறத்தைக் கொஞ்சம் பார்த்துத் தேர்ந்தான். மீதியை இயற்கை பார்த்துக்கொண்டது. நாட்டு இனம் உருவாகும் வழியே அதுதான்.

2008-இல் வெளியான ஒரு மரபணு ஆய்வில், பல நாட்டுப் பூனைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 'பெர்சியன்' என்று பெயர் வைத்த பூனை பாரசீகத்தை விட்டுவிட்டு மேற்கு ஐரோப்பியப் பூனைகளோடு போய்ச் சேர்ந்துகொண்டது. கோராட்டும் சயாமீஸும் மட்டும் அசையாமல் தென்கிழக்கு ஆசியத் தெருப் பூனைகளோடு நின்றன. பெயரும் ஊரும் பொருந்தியிருக்கும் பூனைகள் இவை.

சீமைக்குப் போன விச்சியன்மாத்

விச்சியன்மாத்தின் நிறம் ஒரு சுவாரசியமான விஷயம். மயிருக்குக் கறுப்புக் கொடுக்கும் நொதி, இந்தப் பூனையில் சூடு பட்டால் வேலை செய்யாது. தாயின் வயிற்றுக்குள் சூடு, அதனால் குட்டி வெள்ளையாகப் பிறக்கும். பிறந்த பிறகு உடம்பின் குளிர்ந்த நுனிகளான முகம், காது, கால், வால் மட்டும் கருக்கத் தொடங்கும். குளிர் நாட்டுக்குக் கொண்டுபோனால் உடம்பே நிறம் கூடும். அறுவை சிகிச்சைக்காக மழித்த இடத்தில் மயிர் கொஞ்ச காலம் கருப்பாக முளைப்பதும் இதனால்தான்.

1871-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் கண்காட்சியில் இந்தப் பூனையைப் பார்த்தவர்கள் முகம் சுளித்தார்களாம். 1884-இல் பாங்காக்கில் பிரிட்டிஷ் தூதரக அதிகாரியாக இருந்த எட்வர்ட் கூல்ட், இங்கிலாந்தில் இருந்த தன் சகோதரிக்கு ஒரு ஜோடி கொடுத்தார். அடுத்த வருடமே அவை கண்காட்சிக்குப் போயின. 1901-இல் சயாமீஸ் பூனைக்கென்று அங்கே தனிச் சங்கமே வந்துவிட்டது. அப்போதைய புகைப்படங்களில் இருப்பது சாதாரண உடம்பும் உருண்ட தலையும் உள்ள நம் கிராமத்துப் பூனை மாதிரியான பூனைதான்.

கோளாறு பிறகு வந்தது. 'ஒல்லியாக இருப்பது அழகு' என்று கண்காட்சி நடுவர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள். பரிசு வாங்கிய கடுவனின் குட்டிக்கு விலை அதிகம். ஆகவே எல்லாரும் அதே கடுவனிடம் போனார்கள். அடுத்த தலைமுறையில் அதைவிட ஒல்லியானதற்குப் பரிசு. 1950-களில் தொடங்கியது 1980-களில் உச்சிக்குப் போய், தலை ஆப்பு வைத்ததுபோல முக்கோணமாகி, காது முறம்போல விரிந்து, உடம்பு குழாயாகிவிட்டது. பழைய உருவத்தில் இருந்த பூனை கண்காட்சி மேடையில் ஏறவே முடியாத நிலை. தாய்லாந்துக் கிராமத்தான் ஒருவன் அந்த மேடையைப் பார்த்திருந்தால், 'இது எந்த நாட்டுப் பூனை?' என்று கேட்டிருப்பான்.

உருவத்தோடு போகவில்லை. சில குடும்பங்களுக்குள்ளேயே இணை சேர்த்ததில் மறைந்திருந்த நோய்கள் மேலே வந்தன: பார்வை மெல்லக் குறைந்து குருடாவது, ஈரலில் புரதம் படிந்து கெடுவது. இதன் உறவுக்காரப் பூனையான பர்மீஸ் கதை இன்னும் மோசம். அமெரிக்காவில் அந்த இனம் தொடங்கியதே 1930-இல் அங்கே போய்ச் சேர்ந்த வோங் மாவ் என்ற ஒரே ஒரு பெட்டைப் பூனையிலிருந்து. பின்னால், குட்டை மூக்கும் உருண்டை முகமும் வேண்டும் என்று ஒரு கூட்டம் தேர்ந்தெடுக்க, அந்த அழகு முகத்தைக் கொடுத்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்ந்த குட்டிகள் மண்டை சிதைந்து பிறந்தன. ஒற்றையாக வந்தால் பரிசு, இரட்டையாக வந்தால் சாவு.

பழையது எல்லாமே நல்லது என்றும் சொல்ல மாட்டேன். அந்தக் காலத்து சயாமீஸ் பூனைகளில் மாறுகண் சகஜம், மடங்கிய வாலும் சகஜம். இளவரசி குளிக்கப் போகும்போது மோதிரத்தை வாலில் மாட்டிவிட்டாள், காவல் காத்துக் காத்து வால் மடங்கியது என்று அதற்கொரு கதையும் உண்டு. உண்மையில் மாறுகண், அந்த வெளிர் நிறத்தைக் கொடுக்கும் அதே மரபணுவின் பக்க விளைவு. கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு கொஞ்சம் இடம் மாறிப் போகிறது. வளர்ப்பவர்கள் அதைத் தேர்ந்து தேர்ந்து குறைத்தது சரியான வேலைதான். தேர்வு செய்வது தவறில்லை. எதற்காகத் தேர்கிறோம், எத்தனை பூனைகளை வைத்துக்கொண்டு தேர்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பழைய உருவத்தை விடாமல் வைத்திருந்த சிலர் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்தார்கள். அவர்கள் மேடையை விட்டு விலகி, வீட்டிலேயே வளர்த்தார்கள். தாய்லாந்திலிருந்து புதுப் பூனைகளைத் தருவித்துச் சேர்த்தார்கள். 1990-இல் ஐரோப்பியச் சங்கமொன்று இதற்கு 'தாய்' என்று தனிப் பெயர் கொடுத்தது. சர்வதேசப் பூனைச் சங்கமான டிகா 2010-இல் போட்டித் தகுதியும் கொடுத்தது. சொந்தப் பெயரை இழந்து, சொந்த நாட்டின் பெயரில் திரும்பி வந்த பூனை.

கோராட் போட்ட வேலி

கோராட் விஷயத்தில் ஆரம்பத்திலேயே கொஞ்சம் விவரமாக இருந்தார்கள். 1959-இல் ஜீன் ஜான்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி தாய்லாந்திலிருந்து ஒரு ஜோடியை வரவழைத்தார். 1965-இல் வளர்ப்போர் சங்கம் அமைத்தார்கள். அவர்கள் போட்ட விதி இதுதான்: ஒவ்வொரு கோராட்டின் வம்சமும் தாய்லாந்தில் போய் முடிய வேண்டும். வேறு எந்த இனத்தோடும் கலக்கக் கூடாது. நிறத்தைக் கூட்டவோ, தலையை மாற்றவோ யாருக்கும் அனுமதி இல்லை. அதனால்தான் அறுபது வருடம் கழித்தும் அமெரிக்கக் கோராட்டையும் பிமாய்க் கோராட்டையும் பக்கத்தில் வைத்தால் பங்காளிகள் என்று தெரிகிறது.

ஆனால் வேலி போட்டால் வெளியிலிருந்து ஆடு வராது, சரி. உள்ளே இருக்கும் ஆடும் வெளியே போகாது. சில பூனைகளிலிருந்து பெருகிய கூட்டம். அவற்றில் ஒன்றிரண்டு, கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நோயைச் சுமந்துகொண்டு வந்திருந்தன. பெயர் கேங்லியோசிடோசிஸ், ஜிஎம்1, ஜிஎம்2 என்று இரண்டு வகை. நரம்பணுக்களில் சேரும் ஒருவிதக் கொழுப்பை உடைக்கும் நொதி இல்லாமல் போவதுதான் கோளாறு. குட்டி நன்றாகவே பிறக்கும், விளையாடும். சில மாதத்தில் தலை நடுங்கும், பின்னங்கால் தள்ளாடும், பிறகு எழுந்திருக்காது. மருந்து கிடையாது. மனிதக் குழந்தைகளுக்கும் இதே நோய் அரிதாக வருவதால், இந்தப் பூனைகளை வைத்து அமெரிக்காவின் ஆபர்ன் பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் ஆராய்ச்சி நடந்திருக்கிறது.

இந்த நோயின் கணக்கைப் புரிந்துகொண்டால் நம் ஆட்டுக்கும் மாட்டுக்கும் உதவும். கெட்ட மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்தால் பூனைக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் சுமக்கும். இப்படிச் சுமக்கும் கடுவனும் சுமக்கும் பெட்டையும் சேர்ந்தால், சராசரியாக நாலு குட்டிக்கு ஒன்று நோயில் சாகும், இரண்டு தாங்களும் சுமக்கும், ஒன்றுதான் சுத்தமாகப் பிறக்கும். சுமக்கும் பூனையைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. பரிசு வாங்கிய கடுவன் ஒன்று சுமப்பதாக இருந்து, அதனிடம் ஊரே இணை சேர்த்தால் என்ன ஆகும்? முதல் தலைமுறையில் ஒன்றும் தெரியாது. பேரன் பேத்திகள் ஒருவரோடொருவர் சேரும்போதுதான் தொட்டில் காலியாகும். ஒரே பொலிகாளையின் சினை ஊசியை வட்டாரம் முழுக்கப் போடுவதில் இருக்கும் ஆபத்தும் இதே கணக்குத்தான்.

பிறகு ரத்தத்திலோ எச்சிலிலோ டிஎன்ஏ பார்த்து, எந்தப் பூனை சுமக்கிறது என்று சொல்லும் பரிசோதனை வந்தது. இந்த இடத்தில்தான் வளர்ப்பவர்கள் யோசித்து முடிவெடுக்க வேண்டியிருந்தது. முதலில் தோன்றுவது என்ன? சுமக்கும் எல்லாவற்றையும் கழித்துக் கட்டு, குடும்பக் கட்டுப்பாடு செய்துவிடு, சுத்தமானவற்றை மட்டும் வைத்துக்கொள். வீட்டில் களை எடுப்பவன் புத்தி அப்படித்தான் சொல்லும்.

ஆனால் கோராட் சின்னக் கூட்டம். சுமக்கும் பூனைகளை மொத்தமாகக் கழித்தால் அவற்றோடு நல்ல கண்ணும், நல்ல குணமும், வேறெங்கும் இல்லாத வம்சங்களும் சேர்ந்து போய்விடும். மிஞ்சிய சிலவற்றை வைத்து மறுபடியும் பெருக்கினால், அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் வேறொரு நோய் வெளியே வரும். ஒரு குழியிலிருந்து ஏறி இன்னொரு குழியில் விழுவதுதான். அதனால் விவரமானவர்கள் செய்தது வேறு. சுமக்கும் பூனை நல்ல பூனையாக இருந்தால், சுத்தமான பூனையோடு மட்டும் சேர்ப்பது. அந்த ஈத்தில் எந்தக் குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் சுத்தமாகவே இருக்கும். குட்டிகளைப் பரிசோதித்து, சுத்தமானதில் நல்லதை அடுத்த தலைமுறைக்கு வைத்துக்கொள்வது. இரண்டு மூன்று தலைமுறையில் நோய் போகும், வம்சம் தங்கும். நேரமும் பதிவேடும் பொறுமையும் கேட்கிற வழி. எனக்குத் தெரிந்து நாட்டு இனம் காப்பதில் இதைவிடப் பக்குவமான முடிவு அபூர்வம்.

வேலியில் ஒரு வாசலும் வைத்தார்கள். தாய்லாந்திலிருந்து வரும் பூனையை, பழைய வம்சப் பத்திரம் இல்லாவிட்டாலும் பரிசோதித்துச் சேர்த்துக்கொள்ளலாம். கிராமத்துப் பூனைக்குப் பத்திரம் ஏது? உருவத்தைப் பார்ப்பார்கள், டிஎன்ஏ பார்ப்பார்கள், இணை சேர்த்துக் குட்டிகளைப் பார்ப்பார்கள். இரண்டு சாம்பல் பெற்றோருக்குச் சில சமயம் இளஞ்சிவப்புக் கலந்த வெளிர்ச் சாம்பலிலோ, விச்சியன்மாத் போல முகம் மட்டும் கருத்தோ குட்டி பிறக்கும். முன்பு அதைப் பார்த்ததும் 'கலப்படம்' என்று சந்தேகப்பட்டார்கள். அது கலப்படமல்ல, தாய்லாந்துக் கிராமத்தில் எல்லா நிறமும் ஒரே தெருவில் திரிந்த காலத்தின் மிச்சம். இப்போது பிரிட்டனில் அவற்றுக்குத் தாய் லைலாக், தாய் புளூ பாயின்ட் என்று பெயர் கொடுத்து உடன் சேர்த்துக்கொள்கிறார்கள்.

சொந்த ஊரில்

வெளிநாட்டில் இத்தனை கவனம் என்றால் சொந்த நாட்டில் கொழிக்க வேண்டுமே! தாய்லாந்து நகரங்களில் இன்று பலர் காசு கொடுத்து வாங்குவது பெர்சியனும் ஸ்காட்டிஷ் ஃபோல்டும். சி சவாத் தெருவில் திரிந்தால் 'சாம்பல் பூனை' அவ்வளவுதான். கண்ட கடுவனோடும் சேரும். சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் அந்த மரபணு இருந்தால்தான் வெளியே தெரியும்; வேற்றுக் கடுவன் ஒன்று குறுக்கே வந்தால் அடுத்த ஈத்தே கறுப்பும் வரியுமாகப் போய்விடும்.

ஆனாலும் ஆள் இல்லாமல் போகவில்லை. சமுத் சோங்க்ராம் மாநிலத்து அம்பாவாவில் பழைய தாய்ப் பூனை இனங்களுக்கென்றே ஒரு காப்பகம் இருக்கிறது, போகிறவர்கள் பார்க்கலாம். 2007-இல் தென்கிழக்கு ஆசிய விளையாட்டுப் போட்டி நக்கோன் ராச்சசிமாவில் நடந்தபோது, போட்டியின் சின்னமே ஒரு கோராட் பூனைதான். 2025 நவம்பரில் தாய்லாந்து அமைச்சரவை, தாய்ப் பூனைகளைத் தேசியச் செல்லப்பிராணி அடையாளமாக ஏற்றது. சுபலக், கோராட், விச்சியன்மாத், கோன்ஜா, காவோ மணி என ஐந்து இனங்கள்.

எனக்கு இதில் சந்தோஷமும் உண்டு, சின்னக் கவலையும் உண்டு. அரசு முத்திரை விழுந்ததும் விலை ஏறும். விலை ஏறினால் புகைப்படத்தில் எடுப்பாக இருக்கும் பூனைக்குக் கிராக்கி வரும். காவோ மணியில் ஒரு கண் நீலம், ஒரு கண் மஞ்சள் என்றால் மக்கள் பித்துப் பிடித்து வாங்குகிறார்கள். அடர்வெள்ளை மயிரும் நீலக் கண்ணும் சேரும் பூனைகளில் செவிடு அதிகம் என்பது பழைய உண்மை. அந்தக் கண்ணை மட்டுமே தேர்ந்துகொண்டே போனால், நாலு தலைமுறை கழித்து எலி சுரண்டும் சத்தம் கேட்காத பூனைதான் மிஞ்சும். லண்டன் மேடையில் விச்சியன்மாத்துக்கு நடந்தது பாங்காக்கில் காவோ மணிக்கு நடக்கக் கூடாது.

நெல் வீட்டில் இருக்கும் பூனைக்கு அந்த ஆபத்து குறைவு. எலி பிடிக்காத பூனையை அங்கே யாரும் குட்டி கேட்க மாட்டார்கள். வெயில் தாங்காதது, தானே குட்டி ஈன முடியாதது, காது கேட்காதது எல்லாம் தானாகக் கழிந்துவிடும். சுவடி எழுதியவர்கள் சொல்லாமல் விட்ட இந்தத் தேர்வை எந்த நடுவராலும் செய்ய முடியாது.

வாசகிக்குப் பதில்

அம்மா, அந்தக் கடைக் குட்டி ஒரிஜினலா என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. முகமும் காதும் கருத்திருந்தால் அந்த மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்திருக்கிறது, அவ்வளவுதான். மற்றபடி அது பெர்சியன் கலப்பாகவும் இருக்கலாம். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். இரண்டும் ஒரே தாயின் குட்டிகளா என்று கேளுங்கள். காட்ட மறுத்தால் பணத்தை முடிந்து வைத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எலி பிடிக்க வேண்டும் என்றால் நிறம் உதவாது, தாய்தான் உதவும். பூனைக்குட்டி வேட்டையைப் பெரும்பாலும் தாயிடம்தான் கற்கிறது. தாய் முதலில் செத்த எலியும், பிறகு குற்றுயிரான எலியும் கொண்டுவந்து போட்டுப் பழக்கும். ஆகவே உங்கள் ஊரிலேயே நன்றாக எலி பிடிக்கும் பெட்டைப் பூனை எந்த வீட்டில் இருக்கிறது என்று விசாரியுங்கள். அதன் குட்டியில் ஒன்றை, பத்துப் பன்னிரண்டு வாரம் தாயோடு இருந்த பிறகு வாங்குங்கள். நாலே வாரத்தில் பிரித்து வந்த குட்டி அழகாக மடியில் தூங்கும், மூட்டைக்குப் பின்னால் போகாது. பெருச்சாளிக்கு எந்தப் பூனையையும் நம்பாதீர்கள், அதற்குப் பொறிதான். பூனை வந்த பிறகு புரோமடியலோன் கட்டி வைக்கவே கூடாது. விஷம் தின்ற எலியைத் தின்றால் பூனைக்கும் ஆபத்து. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டுவிடுங்கள். பால் சோறு தாராளமாக வைக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். பூனைக்கு வேண்டியது கறியும் மீனும்தான். ஒரு கருவாட்டுத் தலையாவது தினமும் கிடைக்கட்டும். வயிறு காய்ந்த பூனை நன்றாக எலி பிடிக்கும் என்று பட்டினி போடாதீர்கள், அது பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.